மணல் வீச்சும் மாசு நீக்கமும்

காற்று உயிர்கட்கெல்லாம் இன்றியமையாதது. உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாட்களும் மனிதன் உயிர் தாங்குதல் கூடும். காற்றின்றிச் சில நிமிடங்கள் வாழ்வதும் அரிது. உண்ணும் சோற்றில் சிறு கல் ஒன்று கிடந்தால் பல் அதனை உடனே உணர்த்திவிடுகிறது. பருகும் நீர் கலங்கியிருந்தால் கண் அதனைக் காட்டிவிடுகிறது. ஆயின், மூச்சுக்காற்றில் கலந்து வரும் மிக நுண்ணிய தூசியைக் கண் காண்பதில்லை, மூக்கு உணர்வதில்லை, நாவும் அறிவதில்லை. எதிரே நின்று போர் புரியும் பகைவனைக் காட்டிலும், அறியாமலே உள்ளே புகுந்து உறையும் பகைவன் கொடியவன்.

தொழில்கள் நாட்டின் வளத்தைப் பெருக்குகின்றன. அவற்றுட் சில, தூசியைத் தம்முடன் பிறந்ததாகவே கொண்டுள்ளன. கல் உடைத்தல், சுரங்கம் அகழ்தல், சாணை பிடித்தல் முதலியன அத்தகையன. அவை எல்லாவற்றினும் தூசி மிக்கது வீச்சுத் தொழிலாகும். அத்தொழிலில் தூசி எழுவது எவ்வாறு, அதனால் விளையும் தீங்கு யாது, அதனை அடக்கும் வழிகள் எவை என்பவை ஒவ்வொருவரும் அறிந்திருத்தற்கு உரியன.

வீச்சுத் தொழில்

வார்ப்படச் சாலைகளில் உருக்கிய இரும்பை மணல் அச்சுகளில் ஊற்றி எந்திர உறுப்புகளைச் செய்வர். அச்சினின்றும் எடுத்த வார்ப்படத்தின்மேல் கருகிய மணல் ஒட்டிக்கொண்டிருக்கும். கப்பல்களின் அடித்தகடுகளிலும் பாலங்களின் உத்திரங்களிலும் காலப்போக்கில் துரு ஏறும். புதுவண்ணம் பூசுமுன் அத்துருவையும் பழைய வண்ணத்தையும் முற்றும் நீக்குதல் வேண்டும். கையால் சுரண்டியும் அரத்தால் தேய்த்தும் இவற்றைச் செய்யப் புகுந்தால், காலமும் உழைப்பும் அளவிறந்து செலவாகும்.

ஆதலின், கடினமான சிறு மணிகளை மிகுந்த விசையுடன் வீசி மேற்பரப்பைத் துலக்கும் முறை எழுந்தது. காற்றை எந்திரத்தால் அழுத்தி, ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 பவுண்டு அழுத்தத்தில் ரப்பர்க் குழாய் வழியே செலுத்துவர். அக்காற்று மணலையோ எஃகு மணிகளையோ வாரிக்கொண்டு, குறுகிய குழல்வாயின் வழியே சீறிப் பாயும். அது படும் இடத்திலுள்ள துருவும் வண்ணமும் மணலும் சிதறி விழ, உலோகம் பளபளவென்று வெளிப்படும். ஒருவர் நாள் முழுதும் சுரண்டி முடிக்கும் வேலையை இம்முறையால் மிகச் சிறு பொழுதில் முடித்தல் இயலும்.

இத்தொழில் பல வகையாக நடைபெறுகிறது. சிறு பொருள்களை மூடிய பெட்டியினுள் வைத்து, அதன் பக்கத்தில் பொருத்திய கையுறைகளில் கைகளை நுழைத்துக்கொண்டு, கண்ணாடி வழியே நோக்கித் துலக்குவர். பெரிய பொருள்களை அடைப்பறையினுள் வைத்து, தொழிலாளரும் உள்ளே நின்று துலக்குவர். பாலம், கப்பல், எண்ணெய்த் தொட்டி போன்று இடம் பெயர்க்க இயலாதவற்றை வெட்டவெளியிலேயே துலக்குவர். விரைந்து சுழலும் சக்கரம் ஒன்று எஃகு மணிகளை வீச, ஆள் எவரும் உள்ளே நில்லாமலே பொருள்கள் துலங்கி வெளிவரும் எந்திரங்களும் உண்டு.

தொழில் பிறந்த வரலாறு

இம்முறையை வகுத்தவர் அமெரிக்க நாட்டினராகிய பெஞ்சமின் தில்மன் என்பவர். பாலைநிலத்துக் காற்றில் பறந்து வந்த மணல், சாளரக் கண்ணாடிகளைத் தேய்த்து ஒளி மழுங்கச் செய்திருந்ததைக் கண்டு அவர் இக்கருத்தைப் பெற்றார் என்று கூறுவர். 1870-ஆம் ஆண்டில் அவர் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கண்ணாடியில் சித்திரம் பொறிக்கவும், கல்லில் எழுத்துச் செதுக்கவும், வார்ப்படங்களைத் துலக்கவும் அது பயன்பட்டது. மேலை நாட்டு ஆலைகளில் விரைந்து பரவிற்று.

அந்நாளில் வீசும் பொருளாகப் பயன்பட்டது பெரும்பாலும் மணலே. மணல் எங்கும் கிடைப்பது, விலை மலிந்தது, கடினமும் கூர்மையும் உடையது. ஆனால், மலிவாகக் கிடைத்த அம்மணலுக்குத் தொழிலாளர் கொடுத்த விலை மிகப் பெரிது.

தூசியின் இயல்பு

ஆற்றுமணலிலும் கடல்மணலிலும் பெரும்பகுதி குவார்ட்சு என்னும் கனிமம் ஆகும். அது சிலிக்கா எனப்படும் பொருளால் ஆகியது. மணல் உலோகத்தின்மேல் மோதும்போது, ஒவ்வொரு மணியும் எண்ணற்ற துகள்களாக நொறுங்குகிறது. அங்ஙனம் அப்போதே உடைந்த சிலிக்காவின் தூசி, நெடுநாள் கிடந்த தூசியினும் நுரையீரலுக்குத் தீங்கு மிக்கது.

துகள்கள் எல்லாம் ஒரே அளவின அல்ல. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்தால் அவற்றுள் ஒரு கூறு மைக்ரான் எனப்படும். மனிதரின் தலைமயிர் ஒன்று ஏறத்தாழ 70 மைக்ரான் பருமன் உடையது. 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களுட் பெரும்பாலானவற்றை மூக்கும் தொண்டையும் தடுத்து நிறுத்திவிடுகின்றன. சளியோடும் தும்மலோடும் அவை வெளியேறுகின்றன. ஆனால், 5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் இக்காவலையெல்லாம் கடந்து, நுரையீரலின் நுனியிலுள்ள காற்று நுண்ணறைகள் வரையிற் சென்று தங்குகின்றன.

இதனினும் கருதத்தக்க உண்மை ஒன்று உண்டு. பருந்துகள் சில நொடிகளில் நிலத்தில் வீழ்ந்துவிடுகின்றன. ஒரு மைக்ரான் அளவுள்ள துகளோ, ஆளுயரத்திலிருந்து அசைவற்ற காற்றில் நிலத்தை அடைவதற்குப் பல மணி நேரம் ஆகும். வீச்சு நின்ற சிறிது நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் புழுதி அடங்கிவிடுகிறது. அறை தெளிந்துவிட்டது என்று எண்ணித் தொழிலாளர் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அப்போதுதான், கொல்லும் இயல்புடைய நுண்துகள்கள் அவரைச் சூழ்ந்து மிதக்கின்றன. தெளிந்த காற்றெல்லாம் தூய காற்று அன்று.

ஓட்டுக்கூரையின் இடுக்கு வழியே விழும் வெயிற்கற்றையில் நுண்துகள்கள் பறப்பதை யாவரும் கண்டிருப்பர். அக்கற்றைக்கு அப்பால் அதே துகள்கள் இருந்தும் அவை கண்ணுக்குப் புலனாவதில்லை. தொழிற்சாலைகளைப் பார்வையிடுவோர் இவ்வுண்மையைத் துணைக்கொண்டு, வலிய ஒளிக்கற்றை ஒன்றைப் பாய்ச்சித் தூசி எங்கிருந்து கசிகிறது என்பதைக் கண்டுபிடிப்பர். அளவினை அறிதற்கோ அதுவும் போதாது. காற்றை நுண்வடிகட்டியின் வழியே இழுத்து, தங்கிய தூசியை ஆய்வுக்கூடத்தில் நிறுத்தும் பகுத்தும் காண வேண்டும்.

அமெரிக்க நாட்டில் 2016-ஆம் ஆண்டு வகுத்த விதி, எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றில் நுண்சிலிக்காத் தூசி சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என வரையறுத்தது. ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கே அவ்வளவு. கடுகு ஒன்றின் எடை ஏறத்தாழ 2 மில்லிகிராம் எனக் கொண்டால், அக்கடுகளவு நுண்தூசி 40 கன மீட்டர் காற்றை, அதாவது ஓர் அறை முழுவதையும், அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்னும் பழமொழி இங்கு வேறொரு வகையால் உண்மையாகிறது.

தூசியால் விளையும் நோய்

கல்தூசி உடலைக் கெடுக்கும் என்பதை முன்னோரும் அறிந்திருந்தனர். இத்தாலி நாட்டு மருத்துவர் இராமசினி என்பவர், தொழிலாளர்க்கு வரும் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், கல் தச்சரின் மூச்சுநோயைக் குறித்துள்ளார். அந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்னும் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கத் தொடங்கியது.

நுரையீரலுள் காவல் அணுக்கள் உள்ளன. புகுந்த மாசினை விழுங்கி அழிப்பது அவற்றின் கடமை. சிலிக்காத் துகளை விழுங்கிய அணு அதனைச் செரிக்க இயலாமல் தானே மடிகிறது. மடிந்த அணுவினின்றும் வெளிப்பட்ட துகளை மற்றோர் அணு விழுங்கி அதுவும் மடிகிறது. இவ்வாறு ஓயாது நிகழும் போரினால் அவ்விடம் புண்பட்டுத் தழும்பேறுகிறது. மென்மையாக விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் சிறு சிறு முடிச்சுகளாகத் தடித்து இறுகிவிடுகிறது. முதலில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும்; பின்னர்ச் சமநிலத்தில் நடக்கும்போதும் வாங்கும்; முடிவில் படுத்திருக்கும்போதும் மூச்சுத் திணறும். காசநோயும் அந்நுரையீரலை எளிதிற் பற்றிக்கொள்ளும். 1997-ஆம் ஆண்டில், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இத்தூசியைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் வரிசையிலும் சேர்த்தது.

இந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. தொழிலை விட்டு நீங்கிய பின்னரும் நோய் முதிரக்கூடும். பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தூசியில் உழன்றவர்க்கே இந்நோய் தோன்றும். மணல் வீச்சில் தூசி அளவு கடந்து எழுவதால், அத்தொழிலாளரைச் சில ஆண்டுகளிலேயே அது பற்றுவதுண்டு. வந்தபின் தீர்க்க இயலாத நோயை வாராமற் காத்தல் ஒன்றே வழி. வெள்ளம் வருமுன் அணை கோலுதல் அறிவுடையோர் செயல்.

நால்வகை அரண்

பண்டை நூலோர், நாட்டுக்கு நீரும் நிலமும் மலையும் காடும் என நால்வகை அரண் வேண்டும் என்றனர். வீச்சுத் தொழிலாளரின் உயிருக்கும் நான்கு அரண்கள் வேண்டும். பொருளை மாற்றுதல், இடத்தை அடைத்தல், காற்றை இழுத்தல், ஆளைக் காத்தல் என்பன அவை. இவற்றின் வரிசையும் கருதத்தக்கது. முன்னதனால் இயன்றதைச் செய்யாமல் பின்னதனை மட்டும் நம்புதல், கோட்டைக் கதவைத் திறந்துவிட்டுப் படுக்கையறைக் கதவைத் தாழிடுவதை ஒக்கும்.

முதல் அரண்: பொருளை மாற்றுதல்

மணலே நோய்க்குக் காரணம் ஆதலின், மணலை விலக்குதலே முதற் கடமை. எஃகு மணி, எஃகுக் குறுநொய், அலுமினிய ஆக்சைடு, கார்னெட் முதலிய பொருள்கள் மணலுக்கு மாற்றாக உள்ளன. தமிழகத்தின் தென்கடற்கரையில் காணப்படும் செந்நிற மணலில் கார்னெட் மிகுதி. எஃகு மணி எளிதில் நொறுங்காது. வீசியதைத் திரட்டிச் சலித்துப் பலமுறை வீசலாம். விலை கூடுதலாயினும், நெடுங்கணக்கில் அது மணலினும் இலாபம் தருவதும் உண்டு.

இங்கிலாந்து நாடு இவ்வழியில் உறுதியாகச் சென்றது. அந்நாட்டுத் தொழிற்சாலைகளின் மருத்துவ ஆய்வாளராகிய மெரிவெதர் என்பவர், மணல் வீச்சுத் தொழிலாளர்க்கு நேரும் தீங்கினை ஆராய்ந்து 1936-ஆம் ஆண்டில் எழுதினார். 1949-ஆம் ஆண்டில் அந்நாடு தனி விதிகள் வகுத்து, வார்ப்படம் முதலியவற்றைத் துலக்குவதில் மணலையும் சிலிக்கா கலந்த பிற பொருள்களையும் வீசுதலாகாது எனத் தடை செய்தது. மணலின்றித் தொழில் நடவாது என்பார் அந்நாளிலும் இருந்திருக்கக்கூடும், தொழில் நின்றுவிடவில்லை. மணல் நின்றது, தொழில் தொடர்ந்தது.

இந்தியாவிலும், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகள், வீச்சுத் தொழிலை இடர் மிகுந்த தொழில்களுள் ஒன்றாக வைத்தன. சிலிக்கா கலந்த பொருளை வீசலாகாது எனவும், பதினெட்டு வயது நிரம்பாதவரை இத்தொழிலிற் புகுத்தலாகாது எனவும் அவை விதித்தன. அமெரிக்க நாட்டின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1974-ஆம் ஆண்டில், மணல் வீச்சைத் தடை செய்யுமாறு பரிந்துரை செய்தது.

ஆயினும், பொருளை மாற்றியதுடன் கடமை முடிந்துவிடாது. எஃகு மணியை வீசினும், வார்ப்படத்தில் ஒட்டியுள்ள அச்சுமணல் நொறுங்கிச் சிலிக்காத் தூசியாக எழும். பழைய பாலத்தைத் துலக்கும்போது, முன்னாளில் பூசிய வண்ணத்திலுள்ள ஈயம் தூசியாகப் பறக்கும். வீசும் பொருளால் மட்டுமன்றி, வீசப்படும் பொருளாலும் தீங்கு விளையும் என்பதை மறத்தலாகாது. கோயம்புத்தூர் போன்று வார்ப்படச் சாலைகள் மிக்க ஊர்களில் இஃது இன்றியமையாது அறியத்தக்கது.

இரண்டாம் அரண்: இடத்தை அடைத்தல்

எழுந்த தூசி பிறரைச் சேராதவாறு அடைத்து வைத்தல் இரண்டாம் அரண். கையுறைப் பெட்டி, அடைப்பறை, சக்கர எந்திரம் ஆகியவை இதன்பாற்படும். வெட்டவெளியில் துலக்க நேர்ந்தால் தடித்த படுதாக்களால் சுற்றிலும் மறைப்பர். வீசும் பொருளோடு நீரையும் கலந்து வீசித் தூசியை எழும்போதே நனைத்து வீழ்த்துதலும் உண்டு. வீச்சுக்குழலைச் சுற்றியே உறிஞ்சுகுழலை அமைத்து, வீசிய மணியையும் எழுந்த தூசியையும் அவ்விடத்திலேயே இழுத்துக்கொள்ளும் கருவிகளும் உண்டு.

அடைப்பறை எத்துணை இறுக மூடப்பட்டதாயினும், அதன் கதவு விளிம்புகளும் குழாய் நுழையும் துளைகளும் தூசி கசியும் வழிகளாகும். அவற்றை அடைப்பதனால் மட்டும் கசிவு நில்லாது. வெளிக்காற்று எப்போதும் அவ்விடுக்குகள் வழியே உள்நோக்கிச் செல்லுமாறு செய்தால்தான் நிற்கும். அதற்கு மூன்றாம் அரண் வேண்டும்.

மூன்றாம் அரண்: காற்றை இழுத்தல்

காற்றோட்டம் என்றவுடன் சாளரங்களைத் திறந்து வைத்தலும், விசிறியைச் சுழலவிடுதலுமே பலர் நினைவுக்கு வரும். தூசி மிகுந்த இடத்தில் அவை நன்மை செய்யா. விசிறி, தூசியை ஓரிடத்தினின்றும் எடுத்து எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். தூசி பிறக்கும் இடத்திலேயே அதனைப் பற்றி இழுத்து வெளியேற்றுவதே உண்மையான காற்றோட்டம் ஆகும்.

ஊதுவதற்கும் உறிஞ்சுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. எரியும் மெழுகுவத்தியைக் கைநீட்டும் தொலைவிலிருந்து ஊதி அணைத்தல் எளிது. அதே தொலைவிலிருந்து உறிஞ்சி அணைத்தல் எவராலும் இயலாது. ஊதிய காற்று ஒரே திசையில் நெடுந்தொலைவு பாய்கிறது. உறிஞ்சும் வாயோ, எல்லாத் திசைகளிலிருந்தும் காற்றை இழுப்பதால், சிறிது விலகினாலும் வலிமை இழந்துவிடுகிறது. குழாய் வாயின் விட்டத்தைப்போல் முப்பது மடங்கு தொலைவு சென்ற பின்னரே ஊதிய காற்றின் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறையும். உறிஞ்சும் காற்றின் வேகமோ, ஒரு விட்டத் தொலைவிலேயே அவ்வளவாகக் குறைந்துவிடும். ஆதலின், உறிஞ்சுவாயை வேலை நிகழும் இடத்துக்கு மிக அணுக வைத்தல் வேண்டும். சுவரின் உச்சியில் விசிறி ஒன்றைப் பொருத்திவிட்டு, தூசி தானே அங்குச் செல்லும் என்று எதிர்பார்த்தல் வீண்.

வீச்சு அடைப்பறையில் காற்று மேலிருந்து புகுந்து, தரையிலுள்ள கம்பித்தட்டின் வழியே கீழே இழுக்கப்படுதல் நலம். அப்போது தூசி தொழிலாளரின் முகத்தை விட்டு அகன்று காலடிக்குச் செல்லும். ஒரு பக்கத்துச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குக் காற்றைச் செலுத்தும் முறையும் உண்டு. அதில், முன்னே நிற்பவர் எழுப்பும் தூசி பின்னே நிற்பவர்மேற் செல்லாதவாறு ஆட்களை நிறுத்துதல் வேண்டும். இத்தகைய அறைகளில் காற்று நிமிடத்துக்கு 60 முதல் 100 அடி வரை நகருமாறு அமைப்பது வழக்கம். இஃது இளந்தென்றலினும் மெல்லியது. ஆயினும் ஓயாது ஒரே திசையில் செல்வதால் தூசியைக் கொண்டுபோய்விடும். கையுறைப் பெட்டியிலோ, எல்லாத் திறப்புகளின் வழியேயும் காற்று நிமிடத்துக்கு 500 அடிக்குக் குறையாமல் உட்செல்லுதல் வேண்டும்.

இழுத்த தூசியைக் கொண்டு செல்லும் குழாயினுள் காற்றின் வேகம் மிகுதியாக இருத்தல் வேண்டும். ஆறு மலையினின்றும் விரைந்து வரும்போது வண்டலைச் சுமந்து வருகிறது. சமவெளியில் வேகம் தணிந்தவுடன் அதனைப் படியவிடுகிறது. தூசிக்குழாயும் அத்தகையதே. அதனுள் காற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 3500 அடி வேகத்தில், அதாவது மணிக்கு 64 கிலோமீட்டர் விரைவில், ஓடுதல் வேண்டும். குறைந்தால் வளைவுகளிலும் அடிப்பாகத்திலும் தூசி படிந்து, நாளடைவில் குழாய் அடைபட்டுவிடும்.

வெளியேறும் காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று உள்ளே வருதற்கும் வழி வேண்டும். எண்ணெய்த் தகரத்தில் ஒரு துளை மட்டும் இட்டுச் சாய்த்தால் எண்ணெய் விக்கி விக்கி ஒழுகும். மறுபுறம் மற்றொரு துளை இட்டவுடன் தாராளமாக ஒழுகும். புதுக்காற்று புக வழியில்லாத அறையில் எத்துணைப் பெரிய விசிறி சுழன்றாலும் பயன் இல்லை.

இழுக்கப்பட்ட தூசியை ஊர்க்காற்றில் விடுதலும் தகாது. முதலில் அதனைக் கூம்பு வடிவான கலத்துள் சுழலச் செய்வர். பருந்துகள்கள் சுவரில் மோதிக் கீழே வீழும். எஞ்சிய நுண்தூசியைத் துணிப்பை வடிகட்டிகள் பிடித்துக்கொள்ளும். விசிறியை வடிகட்டிக்கு அப்பால் அமைத்தால், தூய காற்றே அதன் வழியாகச் செல்லும், விசிறியும் தேயாது. தூய்மை செய்த காற்றைக் கூரைக்கு மேலே, புதுக்காற்று புகும் வாயிலுக்குச் சேய்மையில் வெளிவிடுதல் வேண்டும்.

நான்காம் அரண்: ஆளைக் காத்தல்

மேற்கூறிய மூன்றும் இருந்தும், அடைப்பறையுள் நின்று வீசுபவரைச் சூழ்ந்து தூசி எழத்தான் செய்யும். அறையின் காற்றோட்டம் அவர் கண்ணுக்கு வேலை தெரியவும், தூசி வெளியே கசியாதிருக்கவும், வேலை முடிந்தபின் அறை தூய்மையுறவும் உதவும். உள்ளிருப்பவர் மூச்சுவிடத் தக்க காற்றை அது தாராது. ஆதலின், தலையையும் கழுத்தையும் தோளையும் மூடும் கவசம் அணிந்து, தனிக்குழாய் வழியே வரும் தூய காற்றையே அவர் மூச்சுவிடுதல் வேண்டும். இந்திய விதிகள், அக்கவசத்துள் நிமிடத்துக்குக் குறைந்தது 6 கன அடி, அதாவது 170 லிட்டர், தூய காற்று செல்ல வேண்டும் என வரையறுத்தன. கவசத்துள் காற்று நிறைந்து வெளிநோக்கிக் கசிந்துகொண்டே இருப்பதால், தூசி உள்ளே புக இயலாது.

அக்காற்று எங்கிருந்து வருகிறது என்பதும் கருதத்தக்கது. காற்றழுத்தும் எந்திரம் தூசியும் வண்டிப்புகையும் உள்ள இடத்தில் நின்றால், கவசமே நஞ்சைக் கொண்டுசேர்க்கும் குழாய் ஆகிவிடும். எந்திரத்தின் எண்ணெய்ப் புகையையும் வடிகட்டியே அனுப்புதல் வேண்டும். வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வீச்சு வேலை செய்தல் காப்பு ஆகாது. கைக்குட்டையின் இழைகளுக்கு இடையே உள்ள துளைகள், நுண்தூசிக்கு அகலத் திறந்த கோபுரவாயில்கள் ஆகும்.

பேணுதலும் ஒழுங்கும்

அரண் அமைத்தல் ஒரு நாட்பணி. அதனைப் பேணுதல் நாள்தோறும் செய்யும் பணி. கிழிந்த துணிப்பை ஒன்றும் தேய்ந்த கதவு விளிம்பு ஒன்றும் முழு அமைப்பையும் பயனறச் செய்துவிடும். கதவின் இடுக்கருகே ஊதுவத்தியைப் பிடித்துப் பார்த்தால், புகை உள்ளே இழுக்கப்படுகிறதா, வெளியே தள்ளப்படுகிறதா என்பது விளங்கும். வெளியே தள்ளப்படின் வேலையை நிறுத்திக் குறையைக் கண்டு நீக்குதல் வேண்டும்.

வீச்சு நின்றபின்னும் விசிறி சுழன்றுகொண்டே இருத்தல் வேண்டும். அறையைவிட்டு வெளியே வந்த பின்னரே கவசத்தைக் கழற்றுதல் வேண்டும். தரையில் வீழ்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்குதலும், அழுத்தக் காற்றை உடைமேற் பாய்ச்சித் தூசி தட்டுதலும் அடங்கிய பகைவனை எழுப்பிவிடுவனவாகும். ஈரமாக்கிக் கூட்டுதலும், உறிஞ்சு கருவியால் எடுத்தலுமே தக்க வழிகள். வேலையுடையை ஆலையிலேயே களைந்து குளித்துச் செல்லுதல் நன்று. இல்லையேல் தந்தையின் சட்டையில் ஏறிய தூசி குழந்தையின் மூச்சிலும் கலக்கும். குறித்த காலந்தோறும் மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தலும் வேண்டும். நோயைத் தொடக்கத்திலே கண்டு ஒருவரைத் தூசியினின்றும் விலக்கினால், அது முதிர்வதை ஓரளவேனும் தடுக்கலாம்.

மறந்த பாடம்

இவற்றுட் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே அறிந்த செய்திகள். ஆயினும், அறிந்த உண்மை ஓரிடத்தில் தங்கிவிட்டால், வேறோர் இடத்தில் மக்கள் மீண்டும் உயிர் கொடுத்தே அதனைக் கற்க நேர்கிறது. துருக்கி நாட்டில் நிகழ்ந்தது இதற்குச் சான்று.

நீல நிற ஜீன்ஸ் துணியைப் பழையதுபோல வெளிறச் செய்யும் வழக்கம் உலகில் பரவிற்று. துருக்கியின் சிறு பட்டறைகளில் அத்துணிமேல் மணலை வீசி வெளிறச் செய்தனர். சாளரங்கள் மூடிய சிற்றறைகளில், கடல்மணலை நாள் முழுதும் வீசினர். தக்க கவசமும் இல்லை, உறிஞ்சுவாயும் இல்லை. கிழக்குப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து இஸ்தான்புல் நகருக்குப் பிழைப்பு நாடி வந்த இளைஞர் பலர் அவ்வேலையிற் சேர்ந்தனர். 2005-ஆம் ஆண்டில், அவ்வேலை செய்த இளைஞர் இருவர்க்குச் சிலிக்கோசிஸ் கண்டமையை அந்நாட்டு மருத்துவர் மருத்துவ இதழில் எழுதினர். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பலருடைய நோய் வெளிப்பட்டது. முதியோரைப் பற்றும் நோய் என எண்ணியிருந்தது, மீசை அரும்பிய வயதினரைப் பற்றிக் கொன்றது. 2009-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் துருக்கி அரசு அம்முறையைத் தடை செய்தது. எனினும், அவ்வேலை பின்னர் வங்காளதேசத்துப் பட்டறைகளிலும் நடைபெற்றமை வெளிவந்தது.

இங்கிலாந்து மணல் வீச்சைத் தடுத்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்தபின், துணியைப் பழையதாகக் காட்டும் பொருட்டு இளமை உயிர்கள் மடிந்தன. தூசியின் இயல்பு அறியப்படாமையால் அவை மடியவில்லை. அறிந்தோர் அறிவு அப்பட்டறையின் வாயிலை எட்டாமையால் மடிந்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஏட்டளவில் நின்ற விதியும் உயிருக்கு உதவாது.

முடிவுரை

தூசியை அடக்குதல் ஒருவர் கடமை அன்று. மணலை விலக்கி, அறை அமைத்து, விசிறியும் கவசமும் தந்து பேணுதல் ஆலை உடையவர் கடமை. விதி வகுத்து, அது நடக்கிறதா என்று நேரிற்சென்று காணுதல் அரசின் கடமை. கற்றுக்கொடுத்த ஒழுங்கினின்றும் வழுவாதிருத்தல் தொழிலாளர் கடமை. பளபளக்கும் பொருளையும் வெளிறிய ஆடையையும் விரும்பி வாங்குவோர், அஃது எவ்வாறு ஆக்கப்பட்டது என்று கேட்டல் அவர்தம் கடமை.

இரும்பின் துருவை நீக்கும் தொழில், அதனை நீக்குபவரின் நுரையீரலில் துரு ஏற்றலாகாது. கண் காணாத தூசியைக் காண வல்லது அறிவு ஒன்றே. அவ்வறிவைச் செயலாக்கும் ஆலையில், வேலைக்குச் சென்ற தந்தை மாலையில் நலத்துடன் வீடு திரும்புவார். முதுமையிலும் தம் பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்காமல் படியேறுவார்.